ஒரு பெட்டியைத் தொடாமல் வை

பூதலூர்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

தாத்தாவின் ஸ்பீக்கர் இரண்டையும் பரணிலிருந்து இறக்கி, நீயே சரிசெய்யப் போவதாக உன் அப்பா போனில் சொன்னான். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஸ்பீக்கர் ஏற்ற வேலை; உள்ளே பாகங்கள் கொஞ்சம்தான், எது என்ன செய்கிறதென்று பார்த்தாலே புரியும். ஆம்ப்ளிஃபயரை மட்டும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

முக்கியமாகச் சொல்ல வருவது இது: ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் திற. மற்றது அப்படியே இருக்கட்டும். எந்த ஒயர் எங்கே போனது, எது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று குழம்பும்போது, அந்த இன்னொரு பெட்டிதான் உனக்கு வாத்தியார். கழற்றிய பாகம் எதையும் வேலை முடியும்வரை தூக்கிப் போடாதே.

ஸ்குரூ கழற்றும்போது ஒரு கையால் கோனை மறைத்துக்கொள். உள்ளே இருக்கும் காந்தம் ஸ்குரூடிரைவரை இழுக்கும். கை நழுவினால் காகிதக் கோனில் ஓட்டைதான். பெரிய ஸ்பீக்கரான வூஃபரை வெளியே எடுத்து, கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அமுக்கிப் பார். கரகரவென்று உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) இடம் மாறியிருக்கிறது. பிறகு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வை. 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டும். அது சரியான அளவுதான். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். அதைக் கோன் கட்டுகிறவரிடம் கொடுத்துவிடு.

கோனைச் சுற்றியுள்ள வளையத்தை நகத்தால் தொட்டுப் பார். ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபோம் என்றால் புட்டு மாதிரி உதிரும். நம் ஊர் வெக்கையும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்து பாலியூரித்தேனை உள்ளிருந்தே உடைத்துவிடும். மிச்சம் பிசினாகக் கையில் ஒட்டும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமை கேட்கும் இடம். கோன் கிழியாமல் எடுக்க ஒரு முழு மத்தியானத்தை ஒதுக்கு. புது வளையம் வாங்கும்போது வெறுமனே 8 இஞ்ச் என்று கேட்காதே. கோனின் விட்டம், ஃபிரேமின் விட்டம், வளையத்தின் அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு கேள். சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம்.

காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கும் பசைதான் வேண்டும். ஃபெவிக்விக் வேண்டாம், அது விறைத்து வெடிக்கும். முதலில் கோன் பக்கம் ஒட்டிக் காயவிடு. பிறகு ஃபிரேம் பக்கம் ஒட்டி, பசை இறுகுமுன் 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உரசல் இல்லாத இடத்தில் கோனை நிறுத்து. மழைக்காலமாக இருந்தால் கூடுதலாக ஒரு நாள் காயட்டும்.

சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர், கனத்த ஒலியைத் தடுத்து மெல்லிய ஒலியை மட்டும் விடும். நாளடைவில் அது உலர்ந்து, ட்வீட்டர் மங்கிவிடும். அதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவிலேயே நான்-போலார் கெப்பாசிட்டர் வாங்கிப் போடு. வோல்ட் கூடலாம், குறையக் கூடாது.

மூடுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை வூஃபரில் ஒரு நொடி தொட்டுப் பார். ட்வீட்டரில் வேண்டாம். பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் வைத்தால் கோன் பொதுவாக முன்னால் வரும். எப்படி வந்ததென்று எழுதிவை. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே வரவேண்டும். ஒன்று மாறிப்போனால் பாஸ் வற்றிவிடும். இளையராஜா ஸ்டீரியோவில் பதிவுசெய்த 'பிரியா' (1978) படப் பாட்டைப் போட்டுப் பார்: சரியாக இணைத்திருந்தால் பாடுகிறவர் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்கும், மாறியிருந்தால் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

துளையில்லாத மூடிய பெட்டியாக இருந்தால் காற்று கசியாமல் அடை. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரைச் செய்தது முதல், உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்துப் பல கம்பெனிகள் பெட்டி செய்தன. கசிந்தால் அந்த ஸ்பிரிங் போய்விடும்.

முதல் பெட்டியில் எதை மாற்றினாயோ அதையே இரண்டாவதிலும் மாற்று. பழைய ஃபோம் இன்னும் தாங்கும் என்று ஒன்றில் மட்டும் விட்டுவைக்காதே; இரண்டும் ஒரே மாதிரி பேசினால்தான் அது ஸ்டீரியோ. புதுசைவிட நன்றாகப் பாடவைக்க வேண்டும் என்று ஆசைப்படாதே அம்மா. செய்தவர் நினைத்தபடி பாடினால் போதும், நீ ஜெயித்த மாதிரி.

முதல் பெட்டி முடிந்ததும் மீட்டர் அளவுகளை எனக்கு எழுது. பார்த்துச் சொல்கிறேன், அதன்பிறகு இரண்டாவதில் கைவை.

அன்புடன்,
பெரியப்பா