எந்திரத்தின் காது

நுழையும்முன்

நோய் முற்றியபின் மருந்து தேடுவதைக் காட்டிலும் வருமுன் காப்பதே சிறந்தது. இஃது உடலுக்கு மட்டுமன்றி எந்திரத்திற்கும் பொருந்தும். பழுதுறும் எந்திரம் முதலில் ஓசையாலும் அதிர்வாலும் தன் நோயை உரைக்கிறது. அதனை ஒரு மென்பொருள் கேட்டறிந்த வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாடப்பகுதி

மாணவர்களே! கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பாட்டி சந்தையில் மண்பானை வாங்குவதைக் கண்டிருப்பீர்கள். அவர் உடனே பணத்தைக் கொடுத்துவிட மாட்டார். பானையை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்று ஒலித்தால் அது நல்ல பானை. ஓசை மழுங்கினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது என்று பொருள். இருப்புப்பாதைப் பணியாளர்களும் நின்றிருக்கும் தொடர்வண்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு குறையை அறிந்தனர். கண் காணாததைக் காது கண்டுவிடுகிறது.

மகிழுந்தின் என்ஜினுக்கும் அத்தகைய காது ஒன்று உண்டு. அதன் பணியை அறிய, முதலில் எந்திரத்தின் உள்ளே நடப்பதை அறிய வேண்டும்.

பெட்ரோல் எந்திரத்தின் உருளைகளுக்குள் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் மேல்கீழ் இயக்கத்தை இணைப்புத்தண்டு வாங்கிக் கிராங்க் தண்டிற்குத் தருகிறது. அங்கே அது சுழற்சியாக மாறுகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்றால் நொடிக்கு 50 சுற்றுகள். இவ்வளவு விரைவாகச் சுழலும் தண்டும் இணைப்புத்தண்டும் சேருமிடத்தில் பேரிங் எனப்படும் தாங்கி உள்ளது. தாங்கிக்கும் தண்டிற்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. அப்படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தோடு உரசுவதில்லை. எண்ணெய் வருவது தடைப்பட்டால் தாங்கி தேயும், சூடேறும், இறுதியில் இறுகிப்போகும். சில வேளைகளில் இணைப்புத்தண்டு முறிந்து எந்திரத்தின் சுவரையே துளைத்துவிடும். ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றுபோகலாம். சிந்திய எண்ணெய் சூடான பாகங்களில் பட்டுத் தீப்பற்றவும் கூடும்.

அமெரிக்காவில் இத்தகைய பழுது பெருமளவில் நிகழ்ந்தது. தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள தன் ஆலையில் கிராங்க் தண்டுகளைக் கடைந்தது. அப்போது உதிர்ந்த உலோகத் துகள்கள் சிலவற்றில் முழுமையாக நீக்கப்படாமல் தங்கிவிட்டன. அத்துகள்கள் எண்ணெய் செல்லும் வழியை அடைத்துத் தாங்கிகளைத் தேயச் செய்தன. 2015 செப்டம்பரில், 2011, 2012 ஆகிய ஆண்டுகளின் சொனாட்டா வகை மகிழுந்துகளுள் ஏறத்தாழ 4,70,000 வண்டிகளை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. 2017 மார்ச்சில் ஹூண்டாயும் அதனோடு தொடர்புடைய கியா நிறுவனமும் மேலும் ஏறத்தாழ 12 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன.

திரும்ப அழைக்கப்படாத வண்டிகளின் நிலை என்ன? அவற்றுள் எதில் தாங்கி தேயத் தொடங்கியுள்ளது என்று எவ்வாறு அறிவது? எல்லா எந்திரங்களையும் பிரித்துப் பார்ப்பது இயலாத செயல். பொறியாளர்கள் எந்திரத்தின் காதினை நாடினர்.

எந்திரத்தின் புறச்சுவரில் ‘நாக் சென்சார்’ எனப்படும் அதிர்வு உணரி பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருள் முறைதவறி எரியும்போது எழும் அதிர்வை உணர்வதே அதன் தொழில். உணர்ந்ததை அது எந்திரத்தை ஆளும் கணினிக்குத் தெரிவிக்கும். கணினி உடனே தீப்பொறி தோன்றும் நேரத்தைத் திருத்தி எந்திரத்தைக் காக்கும். தேயும் தாங்கியும் அதிர்வை எழுப்புகிறது. ஆனால் அது வேறு வகை அதிர்வு. அதுவும் அந்த உணரியின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பொருள் என்னவென்று கணினி அறியாதிருந்தது.

பொறியாளர்கள் தேயும் தாங்கியின் அதிர்வை ஆராய்ந்து, அதனைப் பிற அதிர்வுகளினின்று பிரித்தறியும் மென்பொருளை எழுதினர். 2019 சனவரியில், திரும்ப அழைக்கப்படாத ஏறத்தாழ 37 இலட்சம் வண்டிகளுக்கு அம்மென்பொருளைக் கட்டணமின்றி ஏற்றித் தருவதாக இரு நிறுவனங்களும் அறிவித்தன. வண்டியில் புதிய பாகம் எதுவும் பொருத்தப்படவில்லை. காது பழையது; கேட்டதைப் புரிந்துகொள்ளும் அறிவே புதியது.

அந்த அதிர்வை உணர்ந்தவுடன் கணினி எச்சரிக்கை விளக்கை மின்னச் செய்யும், மணியொலி எழுப்பும், எந்திரத்தின் வேகத்தையும் தானே குறைத்துவிடும். ஓட்டுநர் வண்டியைப் பாதுகாப்பான இடத்திற்கு மெல்லச் செலுத்திப் பணிமனைக்குத் தெரிவிக்கலாம். இணைப்புத்தண்டு முறிவதற்கு முன்பே பழுது வெளிப்பட்டுவிடும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டபடி செல்பவரின் செவிக்கு எட்டாத ஓசையை, மென்பொருள் கேட்டுச் சொல்லிவிடுகிறது.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. மென்பொருள் தேய்ந்த தாங்கியை வளரச் செய்யாது. அடைபட்ட எண்ணெய் வழியைத் திறக்காது. அது நோயை முன்னறிவிக்கும். நோயைத் தீர்ப்பது பணிமனையின் வேலை. எண்ணெயின் அளவைப் பார்ப்பதும் உரிய காலத்தில் மாற்றுவதும் உரிமையாளரின் கடமைகளாகவே இருக்கின்றன. நிறுவனம் அனுப்பிய அறிவிப்பைப் பிரித்துப் படிக்காமல் மேசையில் போட்டுவைத்தவருக்கு எம்மென்பொருளும் உதவாது. எரியும் எச்சரிக்கை விளக்கைக் கண்டும் ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று செல்பவர், கணீரென்று ஒலிக்காத பானையைத் தெரிந்தே வாங்குபவரை ஒத்தவர்.

கைப்பேசியில் மென்பொருளைப் புதுப்பிக்குமாறு அறிவிப்பு வரும்போது, ‘பின்னர்’ என்னும் பொத்தானை நாம் பலமுறை அழுத்தியிருப்போம். வண்டியைப் பொறுத்தவரை அந்தப் ‘பின்னர்’ சில வேளைகளில் ஓர் எந்திரத்தின் விலை. சில வேளைகளில் அதனினும் பெரிது. எச்சரிக்கை செய்வது கருவியின் வேலை. செவி சாய்ப்பது மனிதரின் வேலை.

அருஞ்சொற்பொருள்

உணரி – அதிர்வு, வெப்பம் முதலியவற்றை அறிந்து தெரிவிக்கும் கருவி
தாங்கி – சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பாகம்
படலம் – மெல்லிய அடுக்கு
மழுங்குதல் – கூர்மையோ தெளிவோ குறைதல்
செவி சாய்த்தல் – கவனித்துக் கேட்டல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாட்டி பானையைத் தட்டிப் பார்ப்பது ஏன்?
2. எண்ணெய்ப் படலத்தின் பயன் யாது?
3. அலபாமா ஆலையில் நேர்ந்த குறை யாது?

ஆ. விரிவான விடை தருக.
1. ‘காது பழையது, கேட்டதைப் புரிந்துகொள்ளும் அறிவே புதியது’ – பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. மென்பொருளால் இயன்றவை எவை? இயலாதவை எவை?

இ. பிரித்து எழுதுக.
எச்சரிக்கையொலி, முன்னறிவிப்பு, அவ்வோசை, பேரொலி

ஈ. பொருத்தமான இரட்டைக்கிளவியால் நிரப்புக. (சலசல, கடகட, நறநற)
1. பழைய வண்டி ______வென ஓடியது.
2. ஓடை நீர் ______வெனப் பாய்ந்தது.
3. அவன் சினத்தால் பல்லை ______வெனக் கடித்தான்.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வண்டி ஓட்டுபவர் ஒருவரிடம், ‘வண்டியின் ஓசை மாறியதைக் கொண்டு பழுதை அறிந்ததுண்டா?’ என்று தமிழில் கேளுங்கள். அவர் அந்த ஓசையைக் குறிக்கப் பயன்படுத்திய சொற்களை அவ்வாறே குறித்துவந்து வகுப்பில் படித்துக் காட்டுக.