மழையில் நனையும் ரிவால்வருக்கு எந்த மேற்பூச்சு?

தென்கிழக்கு அலாஸ்காவில் மீன்பிடிப்போரும் வேட்டை வழிகாட்டிகளும் கரடிக்கு அஞ்சி இடுப்பிலோ மார்பிலோ கட்டிக்கொள்ளும் ரிவால்வர் சுடுவது அபூர்வம்; நனைவது அன்றாடம். அங்குள்ள கெட்சிகன் நகரில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும். கடற்காற்றின் உப்பும் கைவியர்வையும் அதோடு சேரும். கடைக் கண்ணாடிக்குள் மினுக்கும் அழகு இங்கே உதவாது.

பழைய முறை புளூயிங். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த நீரில், ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் எஃகை அமிழ்த்தினால் அதன் மேற்பரப்பே கருநீல இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. அளவு மாறாது, இயக்கம் கெடாது. ஆனால் இந்தப் படலம் மிக மெல்லியது. உண்மையில் துருவைத் தடுப்பது அதில் ஒட்டிநிற்கும் எண்ணெய்தான். உறையில் செருகி எடுக்கும்போது குழல் முனையும் சிலிண்டரின் விளிம்பும் முதலில் வெளுக்கும்; துருவும் அங்கேயே தொடங்கும். பாஸ்பேட் பூச்சு நுண்துளை கொண்டது என்பதால் எண்ணெயைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். எண்ணெய் வற்றினால் அதுவும் கைவிடும்.

நிக்கல் முலாம் 19ஆம் நூற்றாண்டிலேயே பரவலாக இருந்தது. அடியில் செப்புப் படலம் இருந்தால், அம்மோனியா கலந்த குழல் துடைப்பான் கீறல் வழியே இறங்கிச் செம்பைக் கரைத்து முலாமை உரித்துவிடும்.

ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1965இல் மாடல் 60ஐ வெளியிட்ட பிறகு ஸ்டெயின்லெஸ் எஃகு ரிவால்வர்கள் பெருகின. தமிழ்நாட்டுச் சமையலறையில் எவர்சில்வர் குடத்தைப் பார்த்துப் பழகியவர் இங்கே ஏமாறக்கூடும். பாத்திர எஃகில் பொதுவாகச் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. துப்பாக்கிக்கோ வெப்பத்தால் கடினப்படுத்தக்கூடிய எஃகு வேண்டும். அவ்வகையில் குரோமியம் பெரும்பாலும் 12, 13 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், நிக்கல் மிகக் குறைவு. உப்பு பட்டால் அதிலும் செம்புள்ளிகள் தோன்றும், கவனிக்காவிட்டால் குழி விழும். ஆனால் கீறினாலும் உரிந்துபோக அதில் பூச்சு எதுவும் இல்லை. புள்ளி விழுந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் போதும். புதிதாக வாங்குவோருக்கு இதுவே முதல் தேர்வு.

கையில் இருப்பது பழைய புளூயிங் ரிவால்வர் என்றால் செராகோட் போன்ற பீங்கான் கலந்த பாலிமர் பூச்சைப் பலர் நாடுகிறார்கள். உப்பை எதிர்ப்பதில் அது வலுவானது. சிக்கல் தடிமனில். ஒரு பூச்சு ஏறத்தாழ 25 மைக்ரான். ரிவால்வரில் சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலான இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். இரு முகத்திலும் பூசினால் 50 மைக்ரான் போய்விடும். புகைக்கரி படிந்ததும் சிலிண்டர் சுழலத் திணறும். பூசினாலும் அந்த முகப்பில் அது நிற்காது, வெடிவாயு எரித்துவிடும். ஆகவே இந்த முகங்களையும் தோட்டா அறைகளையும் மூடிவிட்டுப் பூசத் தெரிந்த பட்டறைதான் வேண்டும். எஃகின் மேல் மணல்வீச்சு சரியாக அமையாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சும் செதிலாக உரியும்.

கடினக் குரோம் முலாம் உறை உராய்வைச் செராகோட்டைவிட நன்றாகத் தாங்கும். முலாமிடும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்கச் செய்யும் என்பதால் பிறகு சூடேற்றி அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். சுருள்வில்களுக்கு முலாமே கூடாது. உருகிய உப்பில் அமிழ்த்தி எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றும் உப்புக்குளியல் நைட்ரைடிங் அருமையான முறை, ஆனால் 500 டிகிரிக்கு மேல் நடப்பது. முன்பே பதப்படுத்திய பாகங்கள் அந்தச் சூட்டில் மென்மையாகிவிடக்கூடும். அதைத் தயாரிப்பு நிலையிலேயே செய்வது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் பூச்சு எட்டாத இடங்கள் உண்டு: கைப்பிடித் தகடுகளின் அடி, வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் பின்புறம், திருகுத் துளைகள், குழலின் உட்புறம். ரப்பர் கைப்பிடிக்கு உள்ளே தேங்கிய நீர் வெளியே தெரியாது. மாதக்கணக்கில் கழற்றாத துப்பாக்கியில் பெரும்பாலும் அங்கேதான் துரு கிடக்கும். தோலுறை ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்திருக்கும், இரவு முழுக்க அதில் விடக்கூடாது. கடல்நீர் பட்டால் தோட்டாக்களை நீக்கி, கைப்பிடியைக் கழற்றி, நன்னீரில் அலசி, முழுக்க உலர்த்தி மெலிதாக எண்ணெய் தடவ வேண்டும். அறைகளில் மிஞ்சும் எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் கசியக்கூடும் என்பதால் அவற்றை உலரத் துடைத்த பிறகே மீண்டும் நிரப்புவது வழக்கம்.