வெப்ஹுக் வரட்டும், கட்டளை சர்வரிலேயே இருக்கட்டும்

கேள்வி: எங்கள் தளத்தின் கோடு கிட்ஹப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போய், ‘கிட் புல்’ கொடுத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறேன். வெப்ஹுக் வைத்தால், புஷ் செய்ததும் கிட்ஹப்பே சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும், எல்லாம் தானாக நடக்கும் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை நம்பிக் கட்டளையை ஓட்டலாமா?

பதில்: தாராளமாக ஓட்டலாம், ஒரு நிபந்தனையோடு. எப்போது ஓட்டுவது என்பதை மட்டுமே கோரிக்கை சொல்லலாம். எதை ஓட்டுவது என்பது சர்வரில் நீங்கள் எழுதி வைத்த ஸ்கிரிப்டில்தான் இருக்க வேண்டும்.

2014-இல் வெளிவந்த ‘ஷெல்ஷாக்’ ஓட்டையை நினைத்துப் பாருங்கள். சிஜிஐ வழியாக பாஷ் ஷெல்லை இயக்கிய தளங்களில், யாரோ ஹெடரில் எழுதி அனுப்பிய வரி அப்படியே கட்டளையாக ஓடியது. பாஷில் அந்தப் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் கோரிக்கையில் வரும் கிளையின் பெயரையோ கமிட் செய்தியையோ எடுத்துக் கட்டளை வரியில் ஒட்டினால், அதே கதவை நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

அடுத்து, அனுப்பியது கிட்ஹப்தானா என்று சோதிக்க வேண்டும். வெப்ஹுக் முகவரியை ரகசியமாக வைத்தால் போதாது. அது லாக் கோப்புகளில் பதிவாகிவிடும். வெப்ஹுக் அமைக்கும்போது நீளமான ரகசியச் சொல்லைக் கொடுங்கள். கிட்ஹப் அதை வைத்து எச்மேக் ஷா-256 கையொப்பமிட்டு, ‘எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256’ ஹெடரில் அனுப்பும். ஜேசானைப் பிரிப்பதற்கு முன், வந்த பைட்டுகள் மீதே கையொப்பத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பைத்தானில் ஒப்பிட, சாதாரண சமக்குறிக்குப் பதிலாக ‘கம்பேர்_டைஜஸ்ட்’ பயன்படுத்துங்கள்.

கிட்ஹப் 10 விநாடிக்குள் பதில் எதிர்பார்க்கும். எனவே உடனே பதில் சொல்லிவிட்டு, வேலையைப் பின்னணியில் ஓட்டுங்கள். தோல்வியடைந்த கோரிக்கையை அது தானாக மறுபடி அனுப்பாது. நாம்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டு புஷ் அடுத்தடுத்து வந்தால் ஸ்கிரிப்டுகள் மோதாமலிருக்க ‘எஃப்லாக்’ பூட்டு போடுங்கள்.

ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டவே வேண்டாம். தனி யூசர் ஒன்றை உருவாக்கி, அந்த ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய மட்டும் சூடோவில் அனுமதி கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. மெயின் கிளையில் புஷ் செய்ய முடிந்த எவரும் இனி உங்கள் சர்வரில் கோடு ஓட்ட முடிந்தவர்தான். அந்தக் கிளைக்கு ரிவ்யூவைக் கட்டாயமாக்குங்கள். கடைசியாக, தவறான கையொப்பத்துடன் ஒரு கோரிக்கையை நீங்களே ‘கர்ல்’ மூலம் அனுப்புங்கள். சர்வர் அதை மறுத்த பிறகே வெப்ஹுக்கை வேலைக்கு விடுங்கள்.