தக்காளி போடுவதும் விடுவதும்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நலம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீ நலமா என்று கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சொல்லிவிட்டது. "ஒண்ணுமில்ல மாமா, சளி" என்றாய். சளி பிடித்த குரலும் அழுத குரலும் எனக்குத் தெரியாதா? சரி, விடு. நீயாகச் சொல்லும்போது சொல்.

ஜம்பலாயா எப்படிச் செய்வது என்று கேட்டாய். பெட்டியில் வருவதை வாங்கிக் கிண்டினேன், களியாகிவிட்டது என்றாய். பெட்டிச் சாமானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து வருகிறவளுக்கு அதுவாவது கிடைக்கிறதே. ஆனால் அடுத்த மாதம் அந்தப் பையனின் அம்மாவுக்கு நீயே சமைத்துப் போடப்போகிறாய் என்றாய். அதற்குப் பெட்டி ஆகாது. இன்னொன்றும் சொன்னாய்: "அவங்க கொன்சாலஸ்காரங்க மாமா, தக்காளி போடமாட்டாங்க. நானும் விட்டுடறேன்." போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். வழியை எழுதுகிறேன், முடிவு உன்னுடையது.

ஆறு பேருக்குச் சொல்கிறேன். ஒரு பவுண்டு ஆண்டூயி சாசேஜ். நீ பன்றி சாப்பிடமாட்டாய், அதனால் புகை போட்ட கோழி சாசேஜாகப் பார்த்து வாங்கு. எலும்பில்லாத கோழித் தொடை ஒரு பவுண்டு. நெஞ்சுக்கறி வேண்டாம், நாராகிவிடும். இறால் ஒரு பவுண்டு, தலையோடும் ஓட்டோடும். பெரிய வெங்காயம் 2, செலரி 3 தண்டு, பச்சைக் குடைமிளகாய் 1. இந்த மூன்றையும் இங்கே 'புனித மூவர்' என்பார்கள். சிரிக்காதே, உங்கம்மா வெங்காயம், கறிவேப்பிலை, கடுகை வைத்துக்கொண்டு செய்வதும் ஒரு பூசைதான். பூண்டு ஐந்து பல், தைம் ஒரு டீஸ்பூன், கெயென் மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். பே இலை இரண்டு. அது நம் பிரிஞ்சி இலை இல்லை, வேறு மரம். இந்தியக் கடையில் வாங்கி ஏமாறாதே.

முதலில் இறாலை உரித்துத் தலையையும் ஓட்டையும் ஒரு பாத்திரத்தில் போடு. வெங்காயத் தோல், செலரியின் அடிக்கட்டை எல்லாம் அதோடு போகட்டும். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடிகட்டு. அந்தச் சாறுதான் சோற்றின் உயிர். இந்த ஊரில் இவ்வளவு இறாலை வைத்துக்கொண்டு கட்டிச் சாறு வாங்கிக் கரைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கனமான சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு சாசேஜை வட்டமாக வெட்டி வறு. கொழுப்பு இறங்கியதும் எடுத்து வைத்துவிட்டு, அதிலேயே கோழியைச் சிவக்கவிடு. அடியில் பழுப்பாக ஒட்டும். கருகிவிட்டதென்று பயந்து சட்டியை மாற்றாதே, ருசி அங்கேதான் இருக்கிறது. வெங்காயம், செலரி, குடைமிளகாயைக் கொட்டி, அது விடும் தண்ணீரிலேயே அடியைச் சுரண்டி எடு. துவண்டதும் பூண்டு, பொடிகள், இலை. அப்புறம் தக்காளி. போடுவதாக இருந்தால், மூன்று பழுத்த தக்காளி, ஒரு ஸ்பூன் தக்காளி விழுது, எண்ணெய் பிரிகிற வரைக்கும். பிறகு எடுத்து வைத்த சாசேஜ், அரிசி 2 கப், சாறு மூன்றரை கப். மிச்ச ஈரத்தைத் தக்காளி தரும். (தக்காளி இல்லையென்றால் சாறு 4 கப். பார், அதையும் சொல்லிவிட்டேன்.) உப்பைச் சாற்றில் ருசி பார்த்துப் போடு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடு. இருபத்தைந்து நிமிஷம். கடைசி ஐந்து நிமிஷத்தில் இறாலை மேலே பரப்பி மறுபடி மூடு. அடுப்பை அணைத்துப் பத்து நிமிஷம் தொடாதே. வெங்காயத்தாள் நறுக்கித் தூவி இறக்கு.

நடுவில் கிளறாதே. களியானது பெட்டியால் மட்டுமில்லை, உன் கரண்டியாலும்தான். கிளறக் கிளற அரிசி உடைந்து மாவு வெளியே வரும். சின்ன வயசிலிருந்தே எதையும் மூடி வைத்துவிட்டுச் சும்மா இருக்க உனக்குத் தெரியாது.

அரிசி இங்கத்து நீளரிசி போதும். பாஸ்மதி வேண்டாம், இத்தனை கறிக்கும் சாற்றுக்கும் அது தாங்காது. நீளரிசி குழைந்துவிடும் என்று பயமிருந்தால் 'பார்பாயில்டு' என்று எழுதியிருப்பதை எடு. வேறொன்றுமில்லை, நம் புழுங்கல்தான். கப்பலை விட்டு இறங்கி இந்த ஊரில் தங்கின 1979இல் அந்தப் பொட்டலத்தைக் கடையில் பார்த்தேன். மொழி தெரியாத ஊரில் தூத்துக்குடிக்காரன் ஒருவன் எதிரே வந்ததுபோல இருந்தது.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது ஏழாம் வார்டில் சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மா. ஒரே கூரைக்குக் கீழே ஒட்டினாற்போல இரண்டு வீடு, ஒற்றைச் சுவர். அவர் கிரியோல் பெண்மணி, பிரெஞ்சு கலந்த பெயர், மாநிறம். முதல் தடவை பார்த்தபோது நாசரேத் பக்கத்து டீச்சரோ என்று நினைத்தேன். கிளேபோர்ன் அவென்யூவின் ஓக் மரங்களை 1966இல் மேம்பாலத்துக்காக வெட்டிய கதையை நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். எங்கள் அடுப்பிலிருந்து தாளிக்கும் வாசனை போனால் சுவரைத் தட்டுவார், அவர் வீட்டுத் தக்காளி வதங்கினால் உன் அத்தை தட்டுவாள். திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸும் சோறும், ஞாயிற்றுக்கிழமை ஜம்பலாயா. அவர் ஒரு நாளும் தக்காளியை விட்டதில்லை. "தக்காளி இல்லாத ஜம்பலாயா கிராமத்துக்குப் போகட்டும்" என்பார். கிராமம் என்றால் கொன்சாலஸ்தான். நான் சொல்லவில்லை, அவர் சொன்னது.

கொன்சாலஸ்காரர்களையும் குறை சொல்லக்கூடாது. 1968 முதல் ஜம்பலாயா திருவிழா நடத்துகிறார்கள். விறகடுப்பில் பெரிய பெரிய இரும்புக் கொப்பரை, துடுப்பு மாதிரி கரண்டி. கறியையும் வெங்காயத்தையும் பழுப்பேற்றியே நிறம் கொண்டுவருகிறார்கள், சோறு காப்பி நிறத்தில் வரும். 1755இல் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஆங்கிலேயர் துரத்திவிட்ட அகாடியர் வழி வந்த சமையல் அது. சதுப்பிலும் வயலிலும் கிடைத்ததை வைத்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பழுப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் சிவப்புக்கும் இருக்கிறது. 1719இல் லூசியானாவுக்கு வந்த முதல் அடிமைக் கப்பல்களில் நெல் விதையையும் நெல் பயிரிடத் தெரிந்தவர்களையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றிவந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கரையில் ஜொலோஃப் என்று சோற்றைத் தக்காளியில்தான் சிவக்க வைக்கிறார்கள். நடுவில் 40 வருஷம்போல ஸ்பானியர் ஆண்டார்கள், அவர்களுக்கு பயேயா. இத்தனை பேர் கை பட்ட சட்டி இது.

விருந்தில் யாராவது, ழான் என்ற சமையல்காரனிடம் "ழான், பலயே" என்று சொன்னதால் இந்தப் பெயர் வந்தது என்று கதை சொல்லுவார்கள். வாயை மூடிக்கொண்டு சிரி. தெற்குப் பிரான்சின் புரோவென்சால் பேச்சில் கலவைக்கு இருந்த சொல் அது. 1837இலேயே அச்சில் இருக்கிறது. அதை அங்கே சொல்லி மருமகளாகப் போகிற இடத்தில் வாத்தியார் வேலை பார்க்காதே. (மருமகளாக என்று எழுதிவிட்டேன். அடிக்காமலே விடுகிறேன்.)

இப்போது உங்கம்மா விஷயம். 1997இல் அவள் இங்கே வந்தபோது, நானும் உன் அத்தையும் மூன்று மணி நேரம் நின்று செய்து பரிமாறினோம். ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளினாள். "தக்காளிச் சாதத்துக்கு எதுக்குண்ணே இவ்வளவு பேர்?" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மாவும் மேசையில் இருந்தார். என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். ரொம்ப நன்றாயிருக்கிறது என்கிறாள் என்றேன். அந்தப் பொய்யை இன்னும் சுமக்கிறேன். அப்போது நீ அவள் வயிற்றில் நாலு மாசம், இறால் வாசனை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கும். இருக்கட்டும், சொன்னது சொன்னதுதானே? அதுவும் தக்காளியே இந்த அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாயும்தான். நம் பாட்டியின் பாட்டி புளியும் மிளகும் வைத்து ரசம் கொதித்தவள். இங்கிருந்து போனதை வைத்துக்கொண்டு இங்கத்துச் சட்டியைக் கேலி பண்ணினால் என்ன அர்த்தம்? இதை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு நான் பதினாலு வயசு மூத்தவன், விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன் போலிருக்கிறது. ஆபீஸில் வாசனை என்று தயிர் சாதத்தை விட்டாய். கூப்பிடச் சிரமப்படுகிறார்கள் என்று பெயரை மூன்று எழுத்தாக்கினாய். ஞாயிற்றுக்கிழமை போன் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஆயிற்று. இப்போது தக்காளி. யாரும் உன்னிடம் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்னாலேயே நீ எடுத்துக் கொடுக்கிறாய். அந்த அம்மா தக்காளி போடாதே என்று சொன்னாரா? விருந்தாளியாக வருகிறவர் எட்டிப் பார்ப்பது உன் சட்டியைத்தானே? அவர் வீட்டில் தினம் கிடைப்பதையே அவரைவிட மோசமாக நீ செய்து வைத்தால் யாருக்கு என்ன சந்தோஷம்?

துறைமுகப் பட்டறையில் மேஸ்திரிக்குச் சண்முகம் என்று வாயில் வரவில்லை. "சாம்" என்றான். சரி என்றேன். முப்பது வருஷம். ஓய்வுபெற்ற அன்று கேக்கின் மேலும் சாம் என்றே எழுதியிருந்தது. உன் அத்தை ஓரங்களை மட்டும் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். எழுத்து இருந்த நடுத்துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் குப்பையில் போட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கடிதம் நீண்டுவிட்டது. உன்னைத் திட்டுவதற்கு உட்காரவில்லை, அடுப்பு விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கெட்டிக்காரி. இருபத்தைந்து வயசில் தனியாக வந்து வீடு பிடித்து, கார் ஓட்டக் கற்று, புயல் எச்சரிக்கைக்குக்கூடத் தனியாகவே பை கட்டி வைத்தவள். அந்தப் பையனும் நல்லவனாகத்தான் தெரிகிறான், போன மாதம் என் வாசல் கதவின் கீலைச் சரிபண்ணிக் கொடுத்தான். அவன் அம்மா எண்ணெய் வழிய வழியப் பழுப்பாகச் சமைத்தாலும் நீ ஆசையாகச் சாப்பிடு. ஒரு ரகசியம்: கொன்சாலஸ் திருவிழாவில் நான் இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறேன். மூன்றாவதற்கு வரிசையில் நிற்கும்போது உன் அத்தை பார்த்துவிட்டாள். அதனால் தக்காளி போடாமலே செய். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், சத்தியமாக.

சட்டிக்கு அலையாதே. 2005 ஆகஸ்டில் காத்ரீனா வருவதற்கு முந்தின ஞாயிறு, சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மா தன் வார்ப்பிரும்புச் சட்டியில் சமைத்து அதோடேயே எங்களுக்குக் கொடுத்திருந்தார். கழுவித் திருப்பிக் கொடுப்பதற்குள் ஊரே கிளம்பிவிட்டது. திரும்பி வந்தபோது சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு, ஃப்ரிட்ஜைத் திறக்கவே முடியவில்லை, சட்டி செங்கல் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அவர் ஹூஸ்டனிலிருந்து திரும்பவேயில்லை. உப்பும் எண்ணெயும் போட்டு ஒரு வாரம் தேய்த்து மீட்டேன். இனி அது உன்னிடம் இருக்கட்டும். சோப்புப் போட்டு ஊறவைக்காதே. கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவு.

அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் வெஸ்ட்வீகோ போய் இறால் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். 80 மைல்தானே, பத்து மணிக்குள் உன் வாசலில் இருப்பேன். கொடுத்துவிட்டுப் போய்விடுவேன், விருந்துக்கு நிற்கமாட்டேன், பயப்படாதே. ஒரு காப்பி மட்டும் போட்டுக்கொடு. அதற்குள் சளி சரியாகியிருக்கும், இல்லையென்றாலும் பரவாயில்லை.

பிரியமுள்ள,
மாமா

பி.கு.: பையின் அடியில் நாலு கிரியோல் தக்காளி வைத்திருப்பேன். ஜூன் மாதத்துப் பழம், செயின்ட் பெர்னார்டு மண்ணில் விளைந்தது. சாலடுக்குத்தான்.