நிலக்கரி தேடிய வழி

நுழையுமுன்

இரயில்வண்டி மனிதர் பயணம் செய்வதற்காகவே உருவாக்கப்பட்டது என்று பலரும் எண்ணுவர். ஆனால், இருப்புப்பாதையை முதலில் வேண்டியது நிலக்கரியே. ஒரு சுமையை இடம்பெயர்க்க மேற்கொண்ட முயற்சி மக்கள் வாழ்வையே மாற்றிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

சேற்றில் புதைந்த சக்கரம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சாலைகள் பெரும்பாலும் மண்பாதைகளாகவே இருந்தன. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. ஆதலால் பல பகுதிகளில் சரக்குகள் குதிரையின் முதுகில் பொதிகளாக ஏற்றப்பட்டன. ஒரு பொதிக்குதிரை ஏறத்தாழ 125 கிலோ எடையையே சுமக்கும். பட்டு போன்ற எடை குறைந்த, விலை மிகுந்த பொருள்களுக்கு அது போதும். நிலக்கரியோ எடை மிகுந்தது, விலை குறைந்தது. சுரங்கத்தின் வாயிலில் மலிவாகக் கிடைத்த கரி, நகரத்தை அடைவதற்குள் ஏழைகள் வாங்க இயலாத பொருளாயிற்று.

சாலைகளைச் சீர்செய்யச் சுங்கச்சாவடிகள் அமைக்கப்பட்டன. வண்டிகளிடம் தண்டிய கட்டணம் சாலைப் பணிக்குச் செலவிடப்பட்டது. சிறுவயதில் அம்மைநோயால் பார்வையிழந்த ஜான் மெட்காஃப் என்பவர், ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைகள் அமைத்துப் புகழ்பெற்றார். பின்னர் வந்த ஜான் மெக்காடம், உடைத்த சிறு கற்களைப் பரப்பி, மழைநீர் இருபுறமும் வடியுமாறு சாலையின் நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தினார். 1754-இல் மான்செஸ்டரிலிருந்து இலண்டன் செல்லக் குதிரைவண்டிக்கு நான்கு நாள்களுக்கு மேல் ஆயிற்று. 1830-க்குள் அப்பயணம் ஒரு நாளுக்குள் முடிந்தது. எனினும், மலையளவு கரியைக் கொண்டு செல்லச் சாலை மட்டும் போதவில்லை.

ஆற்றின்மேல் ஓர் ஆறு

சாலையில் வண்டியிழுக்கும் குதிரையே, கரையில் நடந்தவாறு கால்வாய்ப் படகொன்றை இழுத்தால் ஏறத்தாழ 30 டன் சரக்கை நகர்த்தும். இவ்வுண்மையைப் பயன்படுத்தியவர் பிரிட்ஜ்வாட்டர் கோமகன். வொர்ஸ்லி என்னுமிடத்தில் இருந்த தம் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நோக்கிக் கால்வாய் வெட்ட அவர் முனைந்தார். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி அதனை அமைத்தார். குறுக்கிட்ட இர்வெல் ஆற்றின் மேலே தொட்டிப்பாலம் கட்டிக் கால்வாயைக் கொண்டு செல்ல அவர் திட்டமிட்டபோது, பலரும் நகைத்தனர். 1761-இல் அப்பாலம் திறக்கப்பட்டது. கீழே ஆற்றில் ஒரு படகும் மேலே கால்வாயில் ஒரு படகும் செல்வதைக் கண்டு மக்கள் வியந்தனர். மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏழைகளின் வீட்டிலும் அடுப்பு எரிந்தது, ஆலைகளும் பெருகின.

கால்வாய்க்கும் குறைகள் இருந்தன. படகு மெல்லவே நகர்ந்தது. கடுங்குளிரில் நீர் உறைந்தது. கோடையில் நீர் வற்றியது. போட்டியின்மையால் சில கால்வாய் நிறுவனத்தார் கட்டணத்தை உயர்த்தவும் செய்தனர்.

இரும்பின்மேல் நீராவி

சுரங்கங்களில் கரி வண்டிகள் மரத்தண்டவாளங்களின்மீது நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை இழுத்தவை குதிரைகள். பின்னர்த் தண்டவாளங்கள் இரும்பாலும் அமைக்கப்பட்டன. 1804-இல் ரிச்சர்ட் டிரெவிதிக் உருவாக்கிய நீராவி இயந்திரம், வேல்ஸ் பகுதியில் 10 டன் இரும்பையும் எழுபது மனிதரையும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் இழுத்துச் சென்றது. ஆயினும், இயந்திரத்தின் எடையைத் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன.

அக்குறையைக் களைய முயன்றோருள் முதன்மையானவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அவர், பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்க அறியாதவர். உழைத்து ஈட்டிய பணத்தில் மாலைப் பள்ளியில் சேர்ந்து கற்றார். அவர் பொறியாளராக இருந்து அமைத்த ஸ்டாக்டன் – டார்லிங்டன் இருப்புப்பாதை 1825-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்துக் கரியை ஆற்றுத்துறைக்குக் கொண்டு செல்வதே அதன் முதல் நோக்கம்.

1830-இல் லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைக்கும் 50 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப்பொதிகளை ஆலைகளுக்கு விரைந்து சேர்ப்பது அதன் தலையாய பணி எனக் கருதப்பட்டது. ஆனால், எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தொடக்கக் காலத்தில் சரக்கைவிடப் பயணிகளிடமிருந்தே மிகுந்த வருவாய் கிடைத்தது. சரக்குக்காக அமைத்த வழியில் மனிதர் திரளாக ஏறிக்கொண்டனர்.

மாற்றத்தின் விலை

அப்பாதையின் தொடக்க நாளிலேயே, நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் ‘ராக்கெட்’ என்னும் இயந்திரத்தில் அடிபட்டு உயிரிழந்தார். அவர் பெயரை வரலாறு குறித்து வைத்தது. ஆனால், மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு கால்வாய்களையும் சுரங்கப்பாதைகளையும் அமைக்கையில் மாண்ட தொழிலாளர் பலரின் பெயரை எவரும் அறியார். தொலைதூரக் குதிரைவண்டிகள் மறைந்தபோது வண்டியோட்டிகளும் வழிச்சத்திரக்காரர்களும் பிழைப்பை இழந்தனர். ஊருக்கு ஊர் வேறுபட்ட கடிகார நேரமும் மறைந்தது; இரயிலின் நேரமே நாட்டின் நேரமாயிற்று.

இந்தியாவில் 1853 ஏப்ரல் 16 அன்று, மும்பையிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் பயணிகள் இரயில் ஓடியது. தென்னிந்தியாவில் 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இரயில் ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதை உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. இங்கிலாந்தின் ஆலைத்துணியை உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டு வந்தது. அதனால் கைத்தறி நெசவாளர் பலர் நலிவுற்றனர். பிழைப்புத் தேடித் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்ற தமிழர்களைச் சுமந்ததும் அதே தண்டவாளந்தான். விடுமுறையில் அவர்களுடைய பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அழைத்து வருவதும் அதுவே. ஒரு வழி திறக்கும்போது யார் பயன்பெறுகின்றனர், யார் இழக்கின்றனர் என இரண்டையும் காண்பதே வரலாற்றறிவு ஆகும்.

அருஞ்சொற்பொருள்

பொதி – மூட்டை
தண்டுதல் – வசூலித்தல்
தொட்டிப்பாலம் – ஆறு அல்லது பள்ளத்தின் மேலாக நீரைக் கொண்டு செல்லும் பாலம்
இருப்புப்பாதை – இரயில் செல்லும் தண்டவாள வழி
நலிவு – மெலிவு, தாழ்வு

பயிற்சி

1. பொதிக்குதிரை பட்டுக்குப் போதுமானதாகவும் நிலக்கரிக்குப் போதாததாகவும் இருந்தது ஏன்?
2. கால்வாயின் நன்மை இரண்டும் குறை இரண்டும் எழுதுக.
3. பிரித்து எழுதுக: பஞ்சுப்பொதி, மண்பாதை, நெடுங்காலம்.
4. உங்கள் குடும்பத்தார் சொந்த ஊரிலிருந்து இப்போது வாழும் நகரத்துக்கு முதன்முதலில் எவ்வாறு வந்தனர் எனப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.