கால்நடைக்கும் பயறுக்கும் கோபால்ட்

இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகிய உலோகங்கள் பயிருக்கும் கால்நடைக்கும் சத்தாகப் பயன்படுவதை அறிவீர்கள். அந்த வரிசையில் கோபால்ட் என்ற உலோகமும் உண்டு. மிகச் சிறிய அளவே தேவை. ஆனால் அந்த அளவும் கிடைக்காவிட்டால் ஆடும் மாடும் மெலிந்து மடியும்.

கோபால்ட் என்பது என்ன?

இரும்பைப் போலக் காந்தத்தால் ஈர்க்கப்படும் கடினமான உலோகம் இது. 1,495 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும். சுவீடன் நாட்டு வேதியியலார் கியோர்க் பிராண்ட் 1730களில் இதைத் தனி உலோகமாகக் கண்டறிந்தார். பெரும்பாலும் செம்பு, நிக்கல் தாதுக்களுடன் கலந்தே கிடைக்கிறது. உலகில் தோண்டி எடுக்கப்படும் கோபால்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. நீலக் கண்ணாடி, காந்தம், வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகள், செல்பேசி மின்கலம் ஆகியவற்றில் பயன்படுகிறது.

புல் இருந்தும் பட்டினி

நியூசிலாந்தில் எரிமலைச் சாம்பல் படிந்த சில நிலங்களில் புல் செழித்து வளர்ந்தும், அதை மேய்ந்த ஆடுமாடுகள் பசி குன்றி, இரத்தச் சோகை கண்டு இறந்தன. அதே நிலத்தில் மேய்ந்த குதிரைகளுக்கோ ஒன்றும் நேரவில்லை! லிமோனைட் என்ற இரும்புத் தாதுவைக் கொடுத்தபோது கால்நடைகள் தேறின. ஆகவே, இரும்புச் சத்துக் குறைவே காரணம் என்று கருதினர். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய நோய் இருந்தது. அங்கு அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு அறிஞர்கள் லிமோனைட்டிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு, எஞ்சியதைக் கொடுத்துப் பார்த்தனர். அப்போதும் நோய் குணமாயிற்று. குணப்படுத்தியது அதில் சிறிதளவு கலந்திருந்த கோபால்ட்தான் என்பதை 1935-இல் வெளியிட்டனர்.

காரணம் என்ன?

1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டபோது, அதன் நடுவே கோபால்ட் இருப்பது தெரிந்தது. அசைபோடும் கால்நடைகளின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே கோபால்டைக் கொண்டு இந்த வைட்டமினைத் தயாரித்துத் தருகின்றன. தீவனம் செரிக்கும்போது உண்டாகும் புரோப்பியானிக் அமிலத்தை உடல் சக்தியாக மாற்ற இந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் பசி மந்தப்படும். முன்னே தீவனம் இருந்தும் மாடு உண்ணாது.

உலர்ந்த தீவனம் ஒரு கிலோவில் 0.1 மில்லிகிராம் கோபால்ட் இருந்தால் போதும். நாளொன்றுக்குப் பத்து கிலோ உலர் தீவனம் உண்ணும் பசுவுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படுவது அரைக் கிராமுக்கும் குறைவே. ஆனால் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்து ஈடுகட்ட இயலாது. நுண்ணுயிர்களுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைக்க வேண்டும்.

பயறு வகைப் பயிர்களில்

உளுந்து, துவரை, நிலக்கடலை ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தவும் கோபால்ட் தேவை. பெரும்பாலான நிலங்களில் இதற்கு வேண்டிய அளவு மண்ணிலேயே உள்ளது. கோபால்ட் உப்பைத் தாங்களாக வாங்கி வயலில் இடவேண்டாம். அளவு மிஞ்சினால் பயிருக்குக் கேடு. முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்கு வேலை செய்கிறது என்று அறியலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாடு மெலிந்தால் உடனே கோபால்ட் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். குடற்புழுக்களாலும் இதே அறிகுறிகள் தோன்றும். முதலில் கால்நடை மருத்துவரிடம் சாணப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2. வீட்டில் தயாரிக்கும் கலப்புத் தீவனம் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்புக் கலவை சேருங்கள். வாங்கும்போது கோபால்ட் அடங்கியுள்ளதா என்று பையில் பாருங்கள். கல்லுப்பு இதற்கு ஈடாகாது.

3. வைக்கோலை மட்டும் நம்பாமல் வேலிமசால், காராமணி போன்ற பயறுவகைத் தீவனங்களையும் கொடுங்கள். பொதுவாகப் புல்லைவிட இவற்றில் கோபால்ட் கூடுதல்.

4. கோபால்ட் உப்பைத் தனியாகக் கையால் அளந்து தீவனத்தில் கலக்காதீர்கள். மில்லிகிராம் அளவை வீட்டில் நிறுக்க முடியாது, மிகுந்தால் நஞ்சாகும்.

மாடு தீவனத்தை ஒதுக்கினால், தீவனத்தின் அளவை மட்டும் பாராமல் அதில் அடங்கிய தாதுச் சத்துக்களையும் கவனியுங்கள். நாள்தோறும் தாது உப்புக் கலவை கொடுத்துக் கால்நடைச் செல்வத்தைக் காத்துப் பயன் பெறுவீர்களாக!