ஏலக்காய்க் கணக்கும் புது எஸ்.எஸ்.டி.யும்

கேள்வி: போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் காய் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறோம். பில், டாலி, ஜிஎஸ்டி எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான். அதிலுள்ள 256 ஜிபி எஸ்.எஸ்.டி. நிரம்பிவிட்டதால் தேனியில் 1 டிபி வாங்கி வந்தேன். குளோன் செய்தால் விண்டோஸை மறுபடி போட வேண்டாம் என்கிறார்கள். நானே செய்யலாமா? கணக்கு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வியாபாரி, போடிநாயக்கனூர்

பதில்: செய்யலாம் ஐயா. குளோனில் கை வைக்கும் முன், டாலி டேட்டா ஃபோல்டரை மட்டும் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கம்பெனி பெயர் வந்து, நேற்றைய பில்லும் தெரிந்தால்தான் அது நகல். அதன் பிறகு குளோன் கெட்டாலும் விண்டோஸைத் திரும்பப் போடும் வேலைதான் மிஞ்சும், கணக்கு போகாது.

நான் மிகவும் அஞ்சுவது திசை மாறுவதற்குத்தான். மென்பொருள் இரண்டு டிஸ்க்கையும் காட்டி எதிலிருந்து, எதற்கு என்று கேட்கும். மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க்கை உங்கள் கணக்கின் மேல் எழுதிவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழிந்ததை ஓரளவு மீட்கலாம். எஸ்.எஸ்.டி.யிலோ, டிரிம் என்னும் ஏற்பாடு அழிந்த இடத்தைத் தானே காலி செய்துவிடுவதால் ரெக்கவரி செய்பவருக்கும் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. உங்களுக்கு அளவே அடையாளம்: பழையது 238 ஜிபி அல்லது 256 என்று காட்டும், புதியது 931 அல்லது 1000. சிறியதிலிருந்து பெரியதற்கு. பட்டனை அழுத்தும் முன் வீட்டில் இன்னொருவரையும் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பூட்டு. பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். பிறகு என்கிரிப்ஷனை நிறுத்தி, முழுதும் அவிழும்வரை பொறுங்கள். புது டிஸ்க்கில் எல்லாம் சரியாக ஓடிய பின் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

வாங்கிய டிஸ்க் பொருந்துமா என்பதையும் இப்போதே பாருங்கள். எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். குளோன் செய்யும்போது புது டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி பெட்டியான என்க்ளோஷரும் அதே வகையாக இருக்க வேண்டும். மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம்: சாம்சங், குரூஷியல், டபிள்யூடி தங்கள் டிஸ்க்குக்கு இலவசமாகவே தருகின்றன, குளோன்ஸில்லாவும் இலவசம்தான், ஆனால் புதியவருக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமானது. குளோன்ஸில்லாவைப் பயன்படுத்தினால், அதற்கு முன் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும், நகலும் பிசகும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏலம் இல்லாத நாளாக இருக்கட்டும். மின் நிறுத்த அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் பள்ளத்தாக்கு முழுக்கக் கரண்ட் போய் வரும் நாளில் வேண்டாம். என்க்ளோஷரும் லேப்டாப்பிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

குளோன் முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் உள்ளே இருக்கும் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். முதல் முறை ஏற்றும்போது பழையதை யூஎஸ்பியில் செருகாதீர்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும். புது டிஸ்க்கில் மிச்ச இடம் சேராமல் தனியே நின்றால் பதற வேண்டாம்: நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நிற்கும். பார்ட்டிஷன் மென்பொருளில் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி டிரைவை விரித்தால் போதும். டாலி மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லக்கூடும். சீரியல் நம்பரையும் பதிவான மின்னஞ்சலையும் கையில் வைத்திருங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே விற்றுவிடாதீர்கள், என்க்ளோஷரில் போட்டு பென் டிரைவாகவும் ஆக்கிவிடாதீர்கள். புது டிஸ்க்கில் ஒரு மாதக் கணக்கு முடிந்து, ஜிஎஸ்டி ரிட்டர்னும் போகட்டும். பிறகு கொடுப்பதானால் வெறும் ஃபார்மட் போதாது, வாடிக்கையாளர் விவரம் அதில் இருக்கிறது. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள 'செக்யூர் எரேஸ்' கொடுத்த பிறகே கைமாற்றுங்கள்.